சுவத்துல மாமனார் தலை

வாங்க, வாங்க. ஜெயசிம்மன் அனுப்பிச்சாருங்களா? பெயிண்ட் கடை ஜெயசிம்மன்தானுங்களே? இப்பத்தான் போன் பண்ணுனாரு. "மாஸ்டர், ஒருத்தர் வால்பேப்பர்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. புடைப்பு வெச்சு, மேலே பெயிண்ட் அடிக்கிற டைப்பு. உங்க ஊட்டுக்கு அனுப்பறேன், ஒருவாட்டி பாத்துட்டு வரட்டும்"னாரு. எனக்குப் பெருமையாத்தான் இருக்குதுங்க. கடையில படம் படமாப் போட்டு அத்தாம்பெரிய புஸ்தகம் வெச்சிருக்காரு. ஆனா சந்தேகம்னு யாரு வந்தாலும் புஸ்தகத்தைக் காட்டறதில்லை, என்ற ஊட்டைத்தான் காட்டறாரு. நீங்க பதினாலாவது ஆளு.

முன்னால வந்த பதிமூணு பேரும் எந்த டிசைன் எடுத்தாங்கன்னா கேக்கறீங்க? ஒருத்தரும் எடுக்கலைங்க. இங்கிருந்து நேரா கடைக்குப் போயி, வெறும் பெயிண்டே போதும்னுட்டாங்களாம். இந்த ஊர்க்காரங்களுக்கு ரசனை பத்தாது. நல்லதைக் கண்ணால பாத்தாலும் ஒறைக்காது. ஜெயசிம்மன் அதுக்கெல்லாம் சோர்ந்து போறதில்லை. அடுத்த ஆளையும் இங்கயே அனுப்பிச்சு வெக்கறாரு. அவருக்கு என்ற மேல அப்புடி ஒரு நம்பிக்கை.

உக்காருங்க, அந்த முக்காலியில. நடு ஹால்ல இருந்தாத்தான் சுவரு முழுசாத் தெரியும். சம்சாரமும் மாமனாரும் சந்தைக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க. காப்பி அப்புறம்.

நான் சென்னியப்பன். இதே கோபியில முப்பத்தோரு வருசம் டிரில் மாஸ்டர். ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலை போட்டாங்க. மாலையைக் கழட்டிட்டேன், கழுத்துல இந்த விசிலை மட்டும் கழட்டலை. கழட்டுனா கழுத்து ஆடற மாதிரி இருக்குது.

சுவத்துக் கதைக்கு வர்றேன். இந்த ஊட்டுல நாங்க மூணு பேருங்க. நானு, சம்சாரம் சுலோச்சனா, அவளைப் பெத்தவரு நாச்சிமுத்து. என்ற மாமனாரு. எம்பத்திரண்டு வயசு. மாமியார் தவறுனதுல இருந்து பன்னெண்டு வருசமா எங்களோடதான் இருக்காரு. தங்கமான மனுசன். நான் அவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தலையைத் தவிர.

தினமும் காலையில ரெண்டு உள்ளங்கை தேங்காயெண்ணெய் வெப்பாருங்க. வெச்சுட்டு, அதா, அந்த ஜன்னலுக்குக் கீழே பாயைப் போட்டு, சுவத்துல சாஞ்சு உக்காந்து பேப்பர் படிப்பாரு. தலைப்புல ஆரம்பிச்சுக் கடைசியில அச்சாபீஸ் அட்ரஸ் வரைக்கும். பன்னெண்டு வருசம் ஒரே எடம். சுவத்துல தாம்பாளம் அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை. ரெண்டு தடவை டிஸ்டம்பர் அடிச்சோம். ரெண்டு தடவையும் ஒரே மாசத்துல எட்டிப் பாத்துருச்சு.

வேலையில இருந்த வரைக்கும் நான் அதைக் கவனிக்கலைங்க. கிரவுண்டுல நின்ன ஆளு, கிரவுண்டுக்குச் சுவரே கிடையாது. ரிட்டயர் ஆகி ஊட்டுல உக்காந்தா, எதுத்தாப்புல கறை. காலையில கறை, மத்தியானம் கறை. நான் பேப்பர் படிச்சா பேப்பருக்கு மேலே கறை.

அந்தச் சமயத்துல கோயமுத்தூர்ல ஒரு கல்யாணம். மண்டபத்துல ஒரு சுவரு. தொட்டாப் புடைப்புப் புடைப்பா, பலாப்பழத்தைத் தடவுன மாதிரி இருந்துச்சு. எனக்குக் கையை எடுக்கவே மனசு வரலை. தடவிக்கிட்டே நின்னதுல ரெண்டு பந்தி போயிருச்சு. மூணாவது பந்தியில பாயசம் தீந்து போச்சுன்னாங்க. சுலோச்சனா இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா.

மறுநாளே ஜெயசிம்மன் கடைக்குப் போயிட்டேன். அவர்தான் விவரம் சொன்னாரு. அது வெள்ளைக் காயிதம், கெட்டியா இருக்கும். புடைப்பு அதுலயே வரும். பசை போட்டு ஒட்டிட்டு, காஞ்ச பின்னாடி மேலே நமக்குப் புடிச்ச கலர் அடிச்சுக்கலாம். சுவத்துல சின்ன வெடிப்பு, மேடு பள்ளம் இருந்தாத் தெரியாது. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா கலரு மாத்தலாம், அஞ்சாறு தடவை தாங்கும்னாரு.

எழுதிக்கங்க, உங்களுக்கும் ஆகும். எடுக்கறப்ப கடை வெளிச்சத்துல பாத்து எடுக்கக் கூடாது. துண்டு வாங்கிட்டு வந்து நம்ம சுவத்துல ஒட்டிப் பாக்கோணும். காலை வெயில்ல ஒரு மாதிரி இருக்கும், பொழுதோட ஒரு மாதிரி இருக்கும். பக்கவாட்டுல டார்ச் அடிச்சீங்கன்னா நெழல் எவ்வளவு விழுகுதுன்னு தெரிஞ்சுரும். சின்ன ரூமுக்குச் சின்ன டிசைன். சுவத்துல ஈரக் கசிவு இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க, உப்பிக்கிட்டு வந்துரும். எழுதிட்டீங்களா? பேனா இல்லீங்களா? பரவால்ல, மனசுல வெச்சுக்கங்க.

நான் ஒம்பது துண்டு வாங்கிட்டு வந்தேன். அலை, செங்கல், மரப்பட்டை, அரிசி மணி, முல்லைக் கொடி, இன்னும் என்னென்னமோ. ஒம்பதையும் வரிசையா ஒட்டி நம்பர் போட்டேன். மூணு மாசம் பாத்தேன். சுலோச்சனாவையும் கேட்டேன். நான் பொம்பளைங்களைக் கேக்காம எதுவும் பண்றவனில்லை. "முல்லைக் கொடி நல்லாருக்குதுங்க"ன்னா. அடுத்த வாரம் கேட்டேன், "முல்லைக் கொடி"ன்னா. அதுக்கடுத்த மாசமும் "அதான் சொன்னேனே, முல்லைக் கொடி"ங்கறா. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருந்தா என்னங்க அர்த்தம்? ஒரு முடிவுக்கு வரத் தெரியலைன்னுதானே? சரி, பாவம், நாமதான் முடிவு எடுத்துக் குடுக்கோணும்னு நான் வலையை எடுத்தேன்.

வலைன்னா வாலிபால் வலை. கட்டம் கட்டமா, சாஞ்ச கட்டம். பாத்த ஒடனே மனசுக்குள்ள சர்வீஸ் போடறாப்புல இருந்துச்சு.

ஒட்டறதுக்கு மாரிச்சாமின்னு ஒருத்தர் வந்தாரு. கைகாரரு. காயிதத்துக்குப் பின்னால பசை தடவி, மடிச்சு வெச்சு, அது ஊறற வரைக்கும் காத்திருக்கோணும். நான் ஸ்டாப்வாட்ச் புடிச்சேன். ஒட்டுன பின்னாடி ரோலரைப் போட்டு அழுத்தக் கூடாது, புடைப்பு நசுங்கிரும். மெத்துனு இருக்கற பிரஷ்ஷாலதான் நீவி விடோணும். அவருக்கும் தெரியும். இருந்தாலும் கை கொஞ்சம் அழுந்தற மாதிரி தெரிஞ்சா நான் ஒரு விசில் குடுப்பேன். மொத நாள் நாப்பது விசில் இருக்கும். சாயங்காலம் ஏணியில இருந்து எறங்கி வந்து, "சார், ஒண்ணு நீங்க ஊதறதை நிறுத்துங்க, இல்லீன்னா நான் ஒட்டறதை நிறுத்தறேன்"னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாருங்க. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டாவது நாள் முடிச்சுட்டு, என்னைப் பாத்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. அவ்வளவு மரியாதை. அதுக்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் போனை எடுக்கறதில்லை. வேலை ஜாஸ்தி போல.

அப்புறம் கலரு. சுலோச்சனா வெள்ளையே போதும்னா. வெள்ளை ஒரு கலராங்க? மொதல்ல சந்தனம் அடிச்சேன். வலை எடுப்பாத் தெரியலை. அடுத்த மாசம் கருநீலம். வலை ஜோராத் தெரிஞ்சுது, ஆனா மத்தது எதுவும் தெரியலை. பட்டப்பகல்ல லைட்டுப் போட்டுத்தான் மாமா பேப்பர் படிச்சாரு. அப்புறம் மாம்பழ மஞ்சள். அதுக்குப் பின்னால எலைப்பச்சை. கடைசியா இப்ப நீங்க பாக்கறீங்களே, இந்த வெள்ளை. இது என்ற சொந்த யோசனை. அஞ்சாறு தடவை தாங்கும்னு அவர் சொன்னாருல்லீங்களா, நான் அஞ்சையும் ஒரே வருசத்துல அடிச்சுட்டேன்.

ஒரு சின்ன விசயம். அடிக்கிறப்ப மெல்லிசா அடிக்கோணும். நான் கொஞ்சம் தாராளமா அடிச்சுட்டேன். ஒவ்வொரு கோட்டிங்குக்கும் பள்ளம் துளியூண்டு நெரம்பும். பெரிய வித்தியாசம் ஒண்ணும் கிடையாது. ஜெயசிம்மன் ஒருநாள் வந்து, இதே முக்காலியில உக்காந்து, ரொம்ப நேரம் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "மாஸ்டர், வால்பேப்பர் எந்தச் சுவத்துலங்க ஒட்டுனோம்?"னாரு. தமாசுப் பேர்வழி. அன்னியில இருந்துதான் ஆள் அனுப்ப ஆரம்பிச்சாரு. நீங்களும் அப்புடி முழிக்கிறீங்களே! இப்புடிக் கண்ணைச் சுருக்கிப் பாருங்க. இக்கட்டால, இந்தப் பக்கமாத் தலையைச் சாச்சு. தெரியுதுங்களா வலை? தெரியும், தெரியும். பழகப் பழகத் தெரியும்.

ஒட்டறது பெருசில்லைங்க. வெச்சுக் காப்பாத்தறதுதான் பெருசு. புடைப்புல தூசி நிக்கும். வாரத்துக்கு ஒருக்கா நான் என்ற சவர பிரஷ்ஷை வெச்சு மேலே இருந்து கீழாக்கத் தட்டி விடுவேன். அழுக்குப் பட்டா ஈர ஸ்பாஞ்சால ஒத்தி எடுக்கோணும், தேய்க்கக் கூடாது. ஆணி ஆகாது. காலண்டரைக் கழட்டிட்டேன். எங்க கல்யாணப் போட்டோவைச் சமையக்கட்டுக்கு மாத்தினேன். "தாளிக்கிறப்ப நம்ம ரெண்டு பேரு மூஞ்சியிலயும் கடுகு தெறிக்குது"ன்னா சுலோச்சனா. துடைச்சுக்கலாம்னேன். ஊதுபத்திப் பொகை ஆகாது. வடை சுட்டா ஹால் கதவைச் சாத்திக்கோணும். அப்புறம் வடையே சுடறதில்லை. அவளுக்கும் வயசாகுதில்லீங்களா.

முக்கியமா, தலை. தலை படக் கூடாது. இதை நான் வாயாலயே சொல்லலைங்க. பெரியவரு மனசு நோகக் கூடாது பாருங்க. அதனால சாக்பீஸ் எடுத்து, சுவத்துல இருந்து ரெண்டடி தள்ளி, தரையில ஒரு கோடு போட்டேன். நாலு பக்கமும். சுத்தமான கோடு, கிரவுண்டுல போடற மாதிரி. கோட்டைத் தாண்டுனா ஃபவுல். ஃபவுலுக்கு விசில். இதுல யாரையும் தனியாக் குத்திக் காட்டறதுக்கு ஒண்ணுமே இல்லை. எல்லாருக்கும் ஒரே சட்டம்.

மொத நாள் மாமா வழக்கம் போலப் பாயைத் தூக்கிட்டு வந்து ஜன்னலுக்குக் கீழே போட்டாரு. ஊதுனேன். கையில இருந்த பேப்பர் அக்கட்டால பறந்துருச்சு. மனுசன் என்னைப் பாத்தாரு, கோட்டைப் பாத்தாரு. பாயை நடு ஹாலுக்கு இழுத்துக்கிட்டாரு. எம்பத்திரண்டு வயசுல சாய எடமில்லாம உக்காந்தா, முதுகு கொஞ்சங் கொஞ்சமா முன்னாடி வளையுது. கடைசியில மூக்கு பேப்பர்ல முட்டும். நான் அவர் உன்னிப்பாப் படிக்கிறாருன்னு நெனச்சேன்.

நாலஞ்சு மாசம் அப்புடி இருந்தாரு. அப்புறம் பேப்பரை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போக ஆரம்பிச்சாரு. இந்த முக்குல இருக்குதே, நெழல்குடை, அதுல சிமெண்ட் பெஞ்சு, பின்னால சுவரு. அங்க சாஞ்சுக்கிட்டு ஜாலியாப் படிப்பாரு. ஆனா பெரிய மனுசன் உக்காந்திருக்காருன்னு வர்ற பஸ்ஸெல்லாம் நிக்கும். "ஏறலீங்களா?"ன்னு கண்டக்டர் கேப்பாரு. தலையாட்டி அனுப்பிச்சுருவாரு. இப்புடியே ஒரு மாசம். ஒருநாள் ஒரு கண்டக்டர் ரொம்ப வற்புறுத்திக் கேட்டாரு போலிருக்குது, ஏறிட்டாரு.

ஏறி, ஈரோட்டுல பஸ் மாறி, காங்கயத்துல மகன் ஊட்டுல எறங்கிட்டாரு. என்ற மச்சான் போன் பண்றாரு, "மாப்ள, அப்பா இங்க வந்துட்டாருங்க. கையில ஒரு பேப்பரும் மூக்குக் கண்ணாடியும்தான் இருக்குது"ன்னு.

சுலோச்சனா பையை எடுத்தா. "அப்பாவைப் பாத்துட்டு ரெண்டு நாள்ல வந்தர்றேன்"னா. துணியை மடிச்சு வெக்கறதைப் பாத்தா ரெண்டு நாளுக்கு வெக்கற மாதிரி தெரியலை. நான் பெருசா எடுத்துக்கலை. அஞ்சாவது பெயிண்ட் அடிச்சு ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு, அந்த வாசம் அவளுக்கு ஆகாது. அதுக்குத்தான் போறான்னு இருந்துட்டேன்.

நாப்பத்திமூணு நாளு.

போன் பண்ணா எடுப்பா. "எப்ப வர்றே?"ன்னா, "பாக்கலாம்"பா. "உனக்குப் புடிச்ச வெள்ளைதானே அடிச்சிருக்கேன்"னு சொன்னேன். "ம்"ன்னா. "வாசமெல்லாம் போயிருச்சு"ன்னேன். "என்ன வாசம்?"ன்னு கேட்டா. மறந்திருப்பா.

நான் பாட்டுக்கு இருந்தேன். காலையில ரவை உப்புமா, மத்தியானம் காலையில மிஞ்சுன உப்புமா. சுவத்தை நல்லாப் பாத்துக்கிட்டேன். ஒரு கை படலை, ஒரு தலை படலை. ஹாலு ஹாலா இருந்துச்சு. ஆனா பாருங்க, ஊதறதுக்கு ஆளில்லை. ஒருநாள் சும்மா ஒரு விசில் ஊதிப் பாத்தேன். பக்கத்து ஊட்டு நாய்தான் எட்டிப் பாத்துச்சு.

ஒரு சனிக்கெழமை. சனின்னா எனக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நாள். நல்லெண்ணெயைக் காய்ச்சி, உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் தேச்சு, ஊறிக் குளிச்சேன். சீயக்காய்த் தூள் எங்க வெச்சிருக்கான்னு தெரியலை, அதனால வெறும் தண்ணிதான். குளிச்சுட்டு நானே ரசம் வெச்சேன். தின்னுட்டு, வலையைக் கீழ் மட்டத்துல இருந்து பாத்தா எப்புடித் தெரியுதுன்னு சோதிக்கறதுக்காக ஜன்னலுக்குக் கீழே போயி உக்காந்தேன். மேற்பார்வைக்காக உக்காந்ததுங்க. கண்ணை மூடுனாப் புடைப்பு இன்னும் நல்லா ஒணர முடியும்னு மூடுனேன். தெறந்தப்ப மணி அஞ்சு.

ஞாயித்துக்கெழமை காலையில பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு வர்றேன், வந்த வேகத்துல நின்னுட்டேன். ஜன்னலுக்குக் கீழே, அதே எடத்துல, கறை! தலை அளவுக்கு, வட்டமா, பளபளன்னு. காயிதத்தைத் தாண்டி, அஞ்சு பெயிண்டைத் தாண்டி, மாமனாரோட பன்னெண்டு வருசத்து எண்ணெய் வெளிய வந்துருச்சுன்னுதான் எனக்குத் தோணுச்சு. வேற என்னங்க தோணும்? மனுசன் காங்கயத்துல இருக்கறாரு, தலை இங்க வந்து நிக்குது.

போனைப் போட்டேன்.

"சுலோச்சனா! உங்கப்பா தலை வந்துருச்சு!"

"என்னது?"

"உங்கப்பா தலை! சுவத்துல வந்துருச்சு!"

"அப்பா இங்க உக்காந்து இட்லி தின்னுக்கிட்டிருக்காருங்க."

"அவர் இருக்காரு சரி. தலை இங்க இருக்குது!"

அப்புறம் கேட்டா, "ஏனுங்க, ஒழுங்காச் சாப்படறீங்களா?"

"உப்புமாதான்."

"மூணு வேளையுமா?"

"ரசம் ஒருக்கா வெச்சேன்."

"தனியா இருக்காதீங்க. கதவைத் தெறந்து வெச்சுட்டு வாசல்ல உக்காருங்க. நாங்க நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு வர்றோம்"னு வெச்சுட்டா. கறையைப் பாக்க இவ்வளவு அவசரமா வர்றாளேன்னு எனக்கு ஆச்சரியம்.

திங்கக்கெழமை ரெண்டு பேரும் வந்து எறங்குனாங்க. சுலோச்சனா மொதல்ல என்ற நெத்தியைத்தான் தொட்டுப் பாத்தா. சூடு இல்லைன்னு தெரிஞ்சதும் மூஞ்சி மாறிருச்சு. "எங்க?"ன்னா. காட்டுனேன்.

மாமா செருப்பைக் கழட்டிட்டு ஹாலுக்குள்ள வந்தாரு. வந்தவரு கோட்டுக்கிட்ட வந்ததும் டக்குனு நின்னுட்டாரு. அந்தச் சாக்பீஸ் கோடு பாதி அழிஞ்சு போயிருந்துச்சு, இருந்தாலும் நின்னுட்டாரு. "தாண்டலாமுங்களா மாப்ள?"ன்னாரு.

எனக்கு என்னமோ ஒரு மாதிரி ஆயிருச்சு. "தாண்டுங்க மாமா. விசாரணைதானே"ன்னேன்.

"அப்பா, உக்காருங்க அங்க"ன்னா சுலோச்சனா. அவர் பாயில்லாமயே ஜன்னலுக்குக் கீழே போயி, சுவத்துல படாம நிமிந்து உக்காந்தாரு. பாத்தா, கறை அவர் தலைக்கு ஒரு ஜாண் மேல இருக்குது. குள்ளமான மனுசன். எனக்கு அது அப்பத்தான் தெரியும். பன்னெண்டு வருசம் ஒரே ஊட்டுல இருந்திருக்கோம்.

"எண்ணெய் மேலாக்க ஏறியிருக்கலாம்"னேன். "விளக்குத் திரியில ஏறற மாதிரி. அது விஞ்ஞானம்."

"நீங்க உக்காருங்க"ன்னா.

"நான் எதுக்கு?"

"உக்காருங்க."

கல்யாணமான முப்பத்துமூணு வருசத்துல அவ அப்புடி ஒரு கொரல்ல பேசி நான் கேட்டதில்லை. என்ற விசில்லயே அவ்வளவு சுத்தமா வராது. உக்காந்துட்டேன். "தலையைச் சாய்ங்க"ன்னா. சாச்சேன். டிபன் டப்பாவுக்கு மூடி போட்ட மாதிரி, இம்மி பிசகாம உக்காந்துக்குச்சுங்க என்ற தலை.

மாமா எழுந்து வந்து, குனிஞ்சு, கறைக்கிட்ட மூக்கை வெச்சு ஒருக்கா மோந்தாரு. அப்புறம் என்ற உச்சந்தலையை ஒருக்கா மோந்தாரு. "நல்லெண்ணெய். சனிக்கெழமை தேச்சது"ன்னாரு. "நான் தேங்காயெண்ணெய்தானுங்க மாப்ள." குத்தமாச் சொல்லலை. மருந்துக் கடைக்காரர் மருந்து பேரு சொல்ற மாதிரி சொன்னாரு.

சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. நின்னுக்கிட்டுச் சிரிச்சா, முடியலை, உக்காந்து சிரிச்சா, முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சா. கண்ணுல தண்ணி ஓடுது. நானும் சரி, நல்லவிதமா முடிஞ்சுதுன்னு லேசாச் சிரிச்சேன். பாத்தா அவ அழுதுக்கிட்டிருக்கா. எந்த எடத்துல மாறுச்சுன்னே தெரியலை.

"நாப்பத்திமூணு நாளா எங்கண்ணன் ஊட்டுல இருந்தோம்"னா. "அங்க கோடும் இல்லை, விசிலும் இல்லை. அண்ணன் ஊட்டுல நாலு பக்கமும் சுவரு கெடக்குது. எங்கப்பா ஒருநாள்கூடச் சாயலைங்க. நடு ஊட்டுல கூன் போட்டு உக்காந்துக்கிட்டாரு. ஏம்ப்பான்னு கேட்டா, பழகிப் போச்சு சாமிங்கறாரு."

மாமா, "அது கெடக்குது உடு புள்ள"ன்னாரு.

நான் எழுந்து போயி ஈரத்துணி எடுத்துட்டு வந்தேன். சுவத்தைத் தொடைக்கத்தான் எடுத்தேன்னு வெச்சுக்கங்களேன். ஆனா குனிஞ்சு கோட்டைத் தொடைச்சேன். நாலு பக்கமும். முட்டி போட்டுக்கிட்டே சுத்தி வந்தேன், முட்டி வலி வேற. முடிச்சுட்டு, "மாமா, இன்னிக்குப் பேப்பர் படிச்சாச்சுங்களா?"ன்னு கேட்டேன். "இல்லீங்க மாப்ள, மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டோம்"னாரு. நானே முக்குக் கடைக்குப் போயி வாங்கிட்டு வந்து குடுத்தேன். எங்க ஸ்கூல்ல மன்னிப்பெல்லாம் இப்புடித்தானுங்க கேக்கறது. மைதானத்தைச் சுத்தி வந்துட்டா முடிஞ்சுது, வாயால யாரும் கேக்க மாட்டாங்க.

ஆனா மாமா சுவத்துப் பக்கம் போகலை. கோடு போயிருச்சு, அவருக்குள்ள இருக்கற கோடு போகலை. செவ்வாய், புதன், வியாழன், பாயை நடுவுலதான் போட்டுக்கிட்டாரு. நான் ரெண்டு தடவை, "மாமா, அங்க ஜன்னல்கிட்டக் காத்து வருது"ன்னு ஜாடையாச் சொன்னேன். "இருக்கட்டுமுங்க"ன்னுட்டாரு. சுலோச்சனா பாத்துக்கிட்டே இருந்தா. ஊர்ல இருந்து கொண்டுவந்த பையையும் பிரிக்கலை. அப்புடியே மூலையில வெச்சிருந்தா.

வெள்ளிக்கெழமை மத்தியானம். பேப்பரை முடிச்சுட்டு மடிச்சு வெச்சாரு. என்னமோ யோசனையாச் சுவத்தையே பாத்தாரு. "மாப்ள, ஒண்ணு கேக்கலாமுங்களா? இதுல என்னதான் டிசைன் போட்டிருக்கீங்க? ரொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தேன்."

நீங்களே சொல்லுங்க. ஒரு வருசமா நான் இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன், ஒரு ஜீவன் இந்தக் கேள்வியைக் கேக்கலை. "வலைங்க மாமா, வாலிபால் வலை!"ன்னேன்.

"அப்புடிங்களா? நான் கோழிக் கூண்டாக்கும்னு இருந்தேன். அப்புறம் அதுவும் கண்ணுக்குத் தெரியாமப் போச்சு."

"கண்ணால பாக்கக் கூடாதுங்க. கையால பாக்கோணும். வாங்க"ன்னு எழுப்பி, ஜன்னலுக்குக் கீழே கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சேன். நானும் பக்கத்துல உக்காந்தேன். அவர் வெரலைப் புடிச்சு சுவத்து மேல வெச்சு, கட்டத்தோட ஓரத்துலயே ஓட்டிக் காட்டுனேன். காஞ்சு போன கை, முருங்கைக்காய் மாதிரி. "இதா, இங்க ஏறுது பாருங்க. இதா எறங்குது. இங்க முடிச்சு." அவரும், "ஆமாங்க, ஆமாங்க, இருக்குதுங்க"ன்னாரு. அஞ்சு பெயிண்டுக்குக் கீழே இருந்த வலையைக் கண்டுபுடிச்சுட்டாருங்க மனுசன்! எனக்கு ஒரே குஷி. ஜில்லா மேட்சுல எங்க பசங்க ஜெயிச்ச கதையை ஆரம்பிச்சேன். மொத செட்டு, ரெண்டாவது செட்டு, பாயிண்டு பாயிண்டா. மூணாவது செட்டுல கொர்ருனு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா தூங்கிட்டாரு. முழு முதுகையும் சுவத்துல சாச்சு, வாயைத் தெறந்துக்கிட்டு, தலையில அத்தனை எண்ணெயோட.

தோள்ல கெடந்த துண்டை எடுத்துத் தலைக்கும் சுவத்துக்கும் நடுவுல சொருகலாமான்னு ஒரு நெனப்பு. கை பாதி தூரம் போயிருச்சு. சொருகுனா முழிச்சுக்குவாரு. முழிச்சா எழுந்து நடு ஹாலுக்குப் போயிருவாரு. கையை இழுத்துக்கிட்டேன். அசையாம உக்காந்திருந்தேன்.

சுலோச்சனா சமையக்கட்டு நெலையில நின்னு எப்ப இருந்து பாத்துக்கிட்டிருந்தான்னு தெரியலை. சத்தமில்லாம வந்து, மூலையில இருந்த பையைத் தூக்கிட்டுப் போயி உள்ளே பிரிச்சு வெச்சா. பீரோ கதவுச் சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்தா. என்ற இந்தப் பக்கம் எடம் இருந்துச்சு, உக்காந்தா. உக்காந்து, ரொம்ப நாளா நின்னுக்கிட்டே இருந்தவ மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுட்டு, தலையை மெதுவாப் பின்னால சாச்சுக்கிட்டா.

நான் விசில் பக்கம் கையைக் கொண்டு போகலை. வெள்ளிக்கெழமைங்க. எண்ணெய் தேச்சு முழுகியிருந்தா.